பழைய ரிவால்வருக்கு என்ன விலை கொடுக்கலாம்?

பாட்டனார் வைத்திருந்த ரிவால்வர் விலைக்கு வருகிறது. "வெள்ளைக்காரன் செய்த சாமான், இனி இப்படிக் கிடைக்குமா?" என்று லட்சக்கணக்கில் விலை சொல்லுகிறார்கள். கையில் லைசென்ஸ் உள்ளவர் வெப்ளி-ஸ்காட் என்ற பெயரைக் கேட்டதுமே பாதி மயங்கிவிடுகிறார். அந்த விலை இரும்புக்கா, வேறு எதற்கா என்று அவர் கேட்பதில்லை.

வேறு எதற்குத்தான்! 1980-களின் நடுவில் தனி நபர்களுக்கான துப்பாக்கி இறக்குமதியை மத்திய சர்க்கார் நிறுத்தியது. அதற்கு முன் நாட்டுக்குள் வந்த ரிவால்வர்களே அன்று முதல் கைமாறி வருகின்றன. வரத்து நின்றது, ஆசை நிற்கவில்லை. அமெரிக்காவில் சாதாரண விலைக்குப் போகும் ரகம் இங்கே பல மடங்குக்கு விற்பதன் ரகசியம் இதுதான். வாங்குகிறவர் சர்க்கார் உத்தரவுக்கும் சேர்த்து விலை கொடுக்கிறார்.

அந்த உத்தரவு இருக்கிறது. ஆனால் நிலைமை பழையபடி இல்லை. கான்பூரில் உள்ள சர்க்கார் தொழிற்சாலை .32 ரிவால்வர் செய்கிறது. அதன் அமைப்பே பழைய வெப்ளியைப் பின்பற்றியதுதான். 2014-ல் அங்கிருந்து வந்த "நிர்பீக்" சுமார் 1,22,000 ரூபாய்க்கு விற்றது. 2023-ல் "பிரபல்" வந்தது. வெப்ளி-ஸ்காட் கம்பெனியே 2020-ல் உத்தரப் பிரதேசத்து ஹர்தோய் ஜில்லாவில், இந்தியக் கூட்டாளியோடு உற்பத்தியைத் தொடங்கிவிட்டது. மறு பக்கம், 2019-ம் வருஷத்து ஆயுதச் சட்டத் திருத்தம் ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பதை இரண்டாகக் குறைத்தது. மூன்றாவதை ஒரு வருஷத்திற்குள் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. ஆகவே பெயருக்காக மட்டும் நாலு மடங்கு கொடுப்பது வீண் செலவு என்பதே என் அபிப்பிராயம்.

முதலில் காகிதம்

துப்பாக்கியைத் தொடுமுன் அதன் அளவைக் கேளுங்கள். .38, .455 ரகங்கள் ராணுவத்துக்கும் போலீஸுக்கும் உரியவை. பொதுமக்கள் சாதாரண லைசென்ஸில் வாங்க முடியாது. எவ்வளவு அழகாக இருந்தாலும் அது உங்களுக்கு இல்லை. .32 ஆனால் மேலே பேசலாம். இரும்பில் பொறித்த எண்ணும் லைசென்ஸில் உள்ள எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். லைசென்ஸில் இப்போது வழங்கும் தனி அடையாள எண்ணும் இருக்க வேண்டும்.

தனி ஆள் விற்பதானால், கலெக்டருக்கோ அருகிலுள்ள போலீஸ் நிலையத்துக்கோ எழுத்து மூலம் தெரிவித்து, 45 நாள் காத்திருந்த பிறகே கைமாற்றலாம். இன்று அட்வான்ஸ், நாளை சாமான் என்பதெல்லாம் செல்லாது.

லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டால் விஷயம் இன்னும் சிக்கல். பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு வாரிசுகள் ஆற அமர யோசிக்க முடியாது. போலீஸ் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்தாக வேண்டும். வாரிசு தம் பெயருக்கு லைசென்ஸ் கேட்க 2016-ம் வருஷத்து விதிகள் வழி செய்கின்றன. உரியவருக்கு 70 வயதாகிவிட்டாலும், அவர் 25 வருஷம் வைத்திருந்தாலும், அவர் இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றக் கேட்கலாம். இது தெரியாமல், பெரியவர் காலமான பிறகு வந்த விலைக்குத் தள்ளுகிறவர்கள் உண்டு. புதுக்கோட்டையில் மனுக் கொடுக்கப் போகும் இடம் கலெக்டர் ஆபீஸ், அதாவது தொண்டைமான் மன்னரின் பழைய அரண்மனை! 1948-ல் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தது. மன்னர் வாழ்ந்த இடத்தில் இன்று கலெக்டர் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறோம்.

பிறகு இரும்பு

தோட்டா இல்லை என்று விற்பவர் சொன்னாலும் நம்பாமல், திறந்து ஒவ்வொரு அறையாகப் பாருங்கள். அதன் பின் குதிரையை மெல்லப் பின்னுக்கு இழுக்க வேண்டும். சிலிண்டர் சுழன்று, குதிரை முழுதும் பின்னே போவதற்குள் பூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டாவிட்டால் அறையும் குழலும் நேராக நிற்கவில்லை என்று பொருள். சுட்டால் குண்டு விளிம்பில் உரசி ஈயத்தூள் பக்கவாட்டில் தெறிக்கும். சுடுகிறவர் கைக்கே ஆபத்து. ஏற்றி நிறுத்திய குதிரையைக் கட்டைவிரலால் முன்னே தள்ளினால் விழக்கூடாது. விழுந்தால் பேரம் அத்தோடு முடிந்தது.

பழைய வெப்ளி நடுவில் மடிந்து திறக்கும் ரகம். அதனால் கீலையும் மேல் பூட்டையும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் கண்டிருந்தால் வயது தெரிந்துவிடும். குழலுக்குள் வெள்ளைக் காகிதத்தின் ஒளியை விட்டு நோக்கினால், சுழன்று செல்லும் மரை கூர்மையாகத் தெரிய வேண்டும். அம்மைத் தழும்புபோலக் குழிகள் இருந்தால் பெரும் தொகை தள்ளுபடி கேட்கலாம்.

பளபளப்பைக் கண்டு ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். புதிதாகக் கறுப்பு மெருகு ஏற்றியிருந்தால் கம்பெனி எழுத்துக்கள் மழுங்கி, ஓரங்கள் உருண்டு போயிருக்கும். மங்கினாலும் பழைய மெருகுடன் இருப்பதற்கே மதிப்பு. உள்ளே பட்டறையில் ராவிப் போட்ட உதிரிப்பாகம் உண்டா என்றும் விசாரியுங்கள். அசல் பாகத்துக்கு எங்கே போவது?

இன்னொன்று, தேர்தல். 2024 பார்லிமெண்டுத் தேர்தலின்போது லைசென்ஸ் துப்பாக்கிகளைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்கச் சொன்னார்கள். அப்படி மாதக்கணக்கில் கிடந்து திரும்பிய ரிவால்வரை எண்ணெய் போட்டுத் துடைத்தார்களா, உறையோடு அப்படியே வைத்தார்களா என்று கேளுங்கள். தோலுறை ஈரத்தைப் பிடித்து வைக்கும். துரு அங்கேதான் பிடிக்கிறது. உறையைக் கழற்றி, குழலின் வெளிப்புறத்தை விரலால் தடவிப் பார்த்த பிறகு விலை பேசுங்கள்.