கேம் போயிருச்சு, எபிசோட் மட்டும் ஓடுது: 'சீக்ரெட் லெவல்' கதையா, விளம்பரமா?

பிரைம் வீடியோவில் 'சீக்ரெட் லெவல்' தொடரைத் திறந்தால் மொத்தம் 15 எபிசோட்கள். ஒவ்வொன்றும் ஒரு கேமை வைத்து எடுத்த தனிக்கதை. அந்த வரிசையின் கடைசிப் பக்கம் 'கான்கார்ட்' என்று ஒன்று இருக்கும். விண்வெளிக் கப்பல், அதில் சுற்றும் கூலிப்படைக் குழு, கண்ணைக் கவரும் கிராஃபிக்ஸ். பார்த்து முடித்துவிட்டு, "சரி, இந்த கேமை ஒருதடவை ஆடிப் பார்க்கலாமே" என்று தோன்றினால், ஒரு சிக்கல். அந்த கேம் எந்தக் கடையிலும் கிடைக்காது. முன்பே காசு கொடுத்து வாங்கியவராலும் இப்போது ஆட முடியாது.

2024 ஆகஸ்ட் 23 அன்று சோனி நிறுவனம் 'கான்கார்ட்' கேமை 40 டாலர் விலையில் வெளியிட்டது. செப்டம்பர் 6 அன்று சர்வரை மூடிவிட்டது. சரியாக 14 நாள். கணினியில் கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் ஒரே நேரத்தில் அதை ஆடியவர்களின் உச்சபட்ச எண்ணிக்கை 697. அதே நேரத்தில் அந்தத் தளத்தின் பிரபல கேம்களை லட்சக்கணக்கானோர் ஆடிக்கொண்டிருந்தார்கள் என்பதோடு சேர்த்துப் பார்த்தால்தான் அடியின் அளவு புரியும். வாங்கியவர்களுக்கு முழுப் பணமும் திருப்பித் தரப்பட்டது. அக்டோபர் கடைசியில், அதை உருவாக்கிய ஃபயர்வாக் ஸ்டூடியோவையே சோனி இழுத்து மூடியது.

'சீக்ரெட் லெவல்' வெளியானது அதற்குப் பிறகு, 2024 டிசம்பரில். முதல் எட்டு எபிசோட்கள் 10-ம் தேதி, மீதி ஏழு 17-ம் தேதி. எடுத்து முடித்த எபிசோடைத் தூக்கிப் போடவில்லை. அப்படியே விட்டுவிட்டார்கள். பொருள் சந்தையிலிருந்து போய் மூன்று மாதம் கழித்து அதன் விளம்பரம் வந்தது போல ஆகிவிட்டது.

விளம்பரம் என்று சொல்வது நியாயமா? இந்தத் தொடரைப் பற்றி விமர்சகர்கள் திரும்பத் திரும்பக் கேட்டது இந்தக் கேள்வியைத்தான். ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. எபிசோடுக்கு எபிசோட் பதில் மாறுகிறது.

யார் எடுத்தது?

டிம் மில்லர். 2016-ல் வந்த 'டெட்பூல்' படத்தின் இயக்குநர். 2019-ல் நெட்ஃபிளிக்ஸில் தொடங்கிய 'லவ், டெத் அண்ட் ரோபோட்ஸ்' தொடரை உருவாக்கியவரும் இவரே. அனிமேஷன் என்றாலே சுட்டி டிவி என்று இருந்த நம்மில் பலருக்கு, ரத்தமும் வன்முறையும் தத்துவமுமாக 'பெரியவர்களுக்கான அனிமேஷன்' என்ற ஒன்றை அறிமுகம் செய்தது அந்தத் தொடர்தான். 'சீக்ரெட் லெவல்' அதன் தம்பி மாதிரி. அதே பாணி, அதே பத்துப் பதினைந்து நிமிட நீளம், பெரும்பாலும் அதே ஆட்கள்.

ஆனால் அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. 'லவ், டெத் அண்ட் ரோபோட்ஸ்' எபிசோட்கள் பல, ஏற்கெனவே அச்சில் வந்த அறிவியல் புனைகதைகளிலிருந்து எடுக்கப்பட்டவை. ஜான் ஸ்கால்சி, அலஸ்டேர் ரெனால்ட்ஸ், கென் லியூ போன்றவர்களின் சிறுகதைகள். அதாவது, கையில் ஒரு முடிவான கதை இருந்தது. 'சீக்ரெட் லெவல்' தொடங்கும் இடத்தில் கதை இல்லை, ஒரு பிராண்ட் இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. மில்லரின் ப்ளர் ஸ்டூடியோ 1995-ல் தொடங்கப்பட்டது. அது பெயர் வாங்கியதே கேம் கம்பெனிகளுக்கு சினிமாத்தனமான டிரெய்லர்களும் இடைக்காட்சிகளும் செய்து கொடுத்துத்தான். 2014-ல் வந்த 'ஹேலோ 2' மறுபதிப்பின் இடைக்காட்சிகள், 'எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன்' டிரெய்லர்கள் எல்லாம் இவர்கள் கைவண்ணம். கேமுக்குள் போனால் நாம் அப்படிப்பட்ட காட்சிகளை ஆடப் போவதில்லை. ஆனால் அந்த மூன்று நிமிடத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறோம். அந்த மூன்று நிமிடத்தில் உலகத்தரம் தொட்டவர்களிடம் பதினைந்து நிமிடம் கொடுத்தால் என்ன வரும்? பல எபிசோட்களில் நீண்ட டிரெய்லர்தான் வந்திருக்கிறது. சண்டை உச்சத்துக்குப் போகும், கதாநாயகன் திரும்பிப் பார்ப்பான், படக்கென்று டைட்டில். 'மெகா மேன்' எபிசோட் இதற்குச் சரியான உதாரணம். 1987-லிருந்து ரசிகர்கள் கொண்டாடும் பாத்திரம். அவன் மெகா மேனாக மாறி நிற்கும்போது நாம் நிமிர்ந்து உட்காருகிறோம், எபிசோட் முடிந்துவிடுகிறது. பெயரே 'ஸ்டார்ட்'. குறை சொல்லவும் முடியாது.

கம்பெனிகளுக்கு இதில் என்ன லாபம்?

இதற்கு 2022 வரை பின்னால் போக வேண்டும். 'சைபர்பங்க் 2077' கேம் 2020 டிசம்பரில் வெளியானபோது அவ்வளவு ஓட்டை உடைசல்; சோனி தன் ஆன்லைன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது. அடுத்த இரண்டு வருடம் பழுது பார்த்தார்கள். 2022 செப்டம்பரில் 'சைபர்பங்க்: எட்ஜ்ரன்னர்ஸ்' என்ற அனிமே தொடர் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. அதைப் பார்த்தவர்கள் கேமுக்குள் கூட்டமாக வந்தார்கள். ஒரே நாளில் 10 லட்சம் பேர் ஆடினார்கள் என்று கம்பெனியே அறிவித்தது. 2024 ஏப்ரலில் அமேசானின் 'ஃபால்அவுட்' தொடர் வந்தபோதும் இதே கதை. 2015-ல் வந்த 'ஃபால்அவுட் 4' மறுபடி விற்பனைப் பட்டியலில் ஏறியது.

இதையெல்லாம் பார்த்த எந்த கேம் கம்பெனிக்கும் ஆசை வரும். ஆனால் முழுத் தொடர் எடுப்பது பெரிய செலவு, பெரிய ரிஸ்க். ஆந்தாலஜி என்றால் ஒரு எபிசோட் போதும். மக்களுக்குப் பிடிக்கிறதா என்று ஆழம் பார்க்கலாம். பிடிக்கவில்லை என்றால், பதினைந்தில் ஒன்று, யாரும் கவனிக்கப் போவதில்லை.

யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பாருங்கள், கணக்கு புரிந்துவிடும். 'நியூ வேர்ல்டு' அமேசானின் சொந்த கேம்; அதற்கு அர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர் குரல். சோனிக்கு 'கான்கார்ட்' ஒன்று, பிளேஸ்டேஷன் பெயரிலேயே இன்னொன்று. 'வார்ஹாமர் 40,000' எபிசோடின் நாயகன் டைட்டஸ், அதே 2024 செப்டம்பரில் வந்த 'ஸ்பேஸ் மரீன் 2' கேமின் நாயகன். 'எக்ஸோடஸ்' எபிசோட் வந்தபோது அந்த கேம் வெளியாகவே இல்லை. (கறாராகப் பார்த்தால் 'வார்ஹாமர்', 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இரண்டும் மேஜையில் வைத்து ஆடும் ஆட்டங்களாகப் பிறந்தவை. போகட்டும்.) நின்டெண்டோ இதில் இல்லை, 'ஜிடிஏ' இல்லை, 'மைன்கிராஃப்ட்' இல்லை. கூட்டம் தானாக வரும் கேம்கள் பல ஒதுங்கியே இருக்கின்றன.

இதில் ரொம்ப வெளிப்படையானது 'பேக்மேன்'. 1980-ல் வந்த அந்த மஞ்சள் உருண்டையை நமக்கெல்லாம் தெரியும். புள்ளிகளைத் தின்னும், பேய்களிடமிருந்து ஓடும். எபிசோடில் அது இருண்ட உலகில் மிதக்கும் ஒரு மர்ம உருண்டை. கூடவே வாளேந்திய ஒருவன். தின்னு, இல்லைன்னா தின்னப்படுவே என்ற அளவில் ரத்தக்களறி. "பேக்மேனை ஏன்டா இப்படிப் பண்ணீங்க" என்று பார்த்தவர்கள் குழம்பினார்கள். எபிசோட் வந்த இரண்டாம் நாள், டிசம்பர் 12 அன்று, 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் 'ஷேடோ லேபிரிந்த்' என்ற புதிய கேம் அறிவிக்கப்பட்டது. அதே இருண்ட உலகம், அதே வாள்வீரன், அதே உருண்டை. 2025 ஜூலையில் விற்பனைக்கும் வந்தது. குழப்பம் தீர்ந்தது. நாம் பார்த்தது முன்னோட்டம்.

அப்போ எல்லாமே விளம்பரம்தானா?

இல்லை. 'சிஃபு' எபிசோடைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனசு வராது. 2022-ல் வந்த 'சிஃபு' கேமில் ஒரு விதி: சண்டையில் செத்தால் எழுந்து வரலாம், ஆனால் வயது கூடும். பழிவாங்கக் கிளம்பும் இளைஞன் செத்துச் செத்து எழுந்து, கடைசி எதிரியிடம் போய்ச் சேரும்போது கிழவனாகியிருப்பான். ஆடும்போது அது நம் திறமைக் குறைவுக்கான தண்டனை. எபிசோடில் அதே விதி கதையாகிவிடுகிறது. ஒரு பழிக்காக ஒருவன் தன் ஆயுளையே செலவழிக்கிறான். கேமை ஆடியவருக்கும் புரியும், ஆடாதவருக்கும் வலிக்கும்.

'ஸ்பெலங்கி'யும் அப்படித்தான். குகைக்குள் இறங்கி, முள்ளில் குத்துப்பட்டு, அம்பு தைத்து, கல் விழுந்து, திரும்பத் திரும்பச் சாவதுதான் அந்த கேமே. அந்தச் சாவுகளை ஒரு சின்னப் பெண் எப்படி எடுத்துக்கொள்கிறாள் என்பதை வைத்துக் கதை செய்திருக்கிறார்கள். இந்தத் தொடரில் ஆர்ப்பாட்டம் இல்லாத எபிசோட்களில் ஒன்று, என் கணக்கில் சிறந்தவற்றில் ஒன்று.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. கேமில் நம்மைக் கட்டிப்போடுவது பெரும்பாலும் கதை இல்லை. கையில் கன்ட்ரோலர் இருப்பதுதான். அதைப் பிடுங்கிக்கொண்டு வெறும் உலகத்தையும் உடைகளையும் ஆயுதங்களையும் காட்டினால், ஷோரூமுக்குள் நடப்பது போலத்தான் இருக்கும். கேமின் விதியை எடுத்துக் கதையாக்கிய எபிசோட்கள் நிற்கின்றன. கேமின் அலங்காரத்தை மட்டும் எடுத்தவை அலங்காரமாகவே நிற்கின்றன. கீயானு ரீவ்ஸ் நடித்த 'ஆர்மர்ட் கோர்' இரண்டுக்கும் நடுவில். ராட்சத ரோபோவை ஓட்டி ஓட்டி உடம்பு நைந்துபோன ஒரு பைலட்டின் சலிப்பை அவர் முகத்தில் பார்க்க நன்றாக இருக்கிறது. கதை அதைத் தாண்டி நகரவில்லை.

இதெல்லாம் விமர்சகர்களின் கவலை. தங்கள் அனிமேஷன் தொடர்களில் இதுதான் மிகப்பெரிய தொடக்கம் என்று சொல்லி, 2024 டிசம்பரிலேயே இரண்டாம் சீசனை அறிவித்துவிட்டது அமேசான்.

மிச்சம் இருப்பது என்ன?

மறுபடி 'கான்கார்டு'க்கு வருவோம். ஒரு கேம் ஓடவில்லை என்றால் அது வியாபாரத் தோல்வி, அவ்வளவுதான் என்று தோன்றலாம். 1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' படத்தின் பிரதி இன்று எங்கும் இல்லை. அந்தக் காலத்து விமர்சனங்களையும் விளம்பரங்களையும் வைத்துத்தான் அதைப் பற்றிப் பேசுகிறோம். அதற்கு ஃபிலிம் அழிந்துபோனது ஒரு காரணம். 'கான்கார்ட்' விஷயத்தில் எதுவும் அழியவில்லை. நிரல் எங்கோ பத்திரமாக இருக்கிறது. சர்வர் அணைக்கப்பட்டதால், வாங்கியவரின் டிஸ்க்கில் இருப்பது வெறும் பிளாஸ்டிக். 2025-ல் சில ரசிகர்கள் தாங்களே சர்வர் அமைத்து அதை மறுபடி ஓட வைத்தார்கள். அந்த வீடியோக்கள் மீது யூடியூபில் காப்புரிமைப் புகார் பாய்ந்தது. பல ஆண்டுகள் ஒரு குழு உழைத்த உழைப்பில், இன்று யாரும் சட்டப்படி பார்க்கக் கூடியதாக இருப்பவற்றில் முக்கியமானது அவர்கள் எடுக்காத அந்த ஒரு எபிசோட்.

'அன்ரியல் டோர்னமென்ட்' எபிசோட் கதையும் கிட்டத்தட்ட இதுதான். 1999 கேமின் கடைசி வில்லனான ஸான் என்ற ரோபோ எப்படி உருவானான் என்று விவரிக்கும் எபிசோட், நன்றாகவே இருக்கும். ஆனால் அந்த வரிசை கேம்களை எபிக் நிறுவனம் 2022 டிசம்பரிலேயே விற்பனையிலிருந்து எடுத்துவிட்டது. நல்லவேளையாக, 2024-ல் பழைய கேமை இணைய ஆவணக் காப்பகத்திலிருந்து தரவிறக்கிக்கொள்ள எபிக்கே சம்மதித்தது. அந்த எபிசோடைப் பார்த்துவிட்டு இன்று காசில்லாமல் ஆடலாம்.

எல்லா நிறுவனமும் அப்படிச் சம்மதிப்பதில்லை. 2024 மார்ச் இறுதியில் யூபிசாஃப்ட் தன் 'தி க்ரூ' என்ற கார் பந்தய கேமின் சர்வரை மூடியதும், வாங்கியவர்களால் தனியாகக்கூட ஆட முடியாமல் போனது. அந்தக் கோபத்தில்தான் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்ற இயக்கம் பிறந்தது. கேட்பது ஒன்றுதான்: மூடுங்கள், ஆனால் வாங்கியவர் ஆடுவதற்கு ஏதாவது வழி விட்டுவிட்டு மூடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்கான குடிமக்கள் மனு 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. டிஜிட்டல் பொருளை விற்கும்போது, உங்களுக்குக் கிடைப்பது உரிமம் மட்டுமே என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற பட்டனைப் போடக் கூடாது.

அமேசானின் சொந்த கேமும் இப்போது இந்த வரிசையில் சேர்ந்துவிட்டது. தொடரில் அர்னால்டின் ராஜா பாத்திரம், யாரும் நிரந்தரமாகச் சாக முடியாத ஒரு தீவில் வந்து இறங்குகிறது. அடி வாங்கிச் சாகும், மறுபடி எழும், திரும்பவும் வம்புக்குப் போகும். அதுதான் 'நியூ வேர்ல்டு' உலகம். 2025 அக்டோபரில் ஆயிரக்கணக்கானோரை வேலையை விட்டு அனுப்பிய கையோடு, அந்த கேமுக்கு இனி புதிதாக எதுவும் சேர்க்கப் போவதில்லை என்று அமேசான் அறிவித்தது. பிறகு விற்பனையும் நின்றது. ஏற்கெனவே வாங்கியவர்கள் 2027 ஜனவரி 31 வரை ஆடலாம். அர்னால்டின் எபிசோடுக்கு அப்படித் தேதி எதுவும் குறிக்கப்படவில்லை.