ஒற்றைத் தலைவலியும் இரவல் மாத்திரையும்

தேர்வுக் காலம் நெருங்குந்தோறும் மாணவர் விடுதிகளில் ஒற்றைத் தலைவலியும் உடன் நெருங்கி வருதலை யாவரும் அறிவர். உறக்கம் குன்றுதலும் வேளை தப்பி உண்ணுதலும் அந்நோயை எழுப்பவல்லன. நோயினும் நாம் அஞ்சுவது வேறொன்று: ஒருவருக்கென வைத்தியர் எழுதிக்கொடுத்த மாத்திரையை மற்றொருவர் இரவல் வாங்கி விழுங்கும் வழக்கமே அது. எழுதுகோல் இரவல் தரலாம்; மருந்து தரலாகாது.

காரணம் கூறுவாம். இந்நோய்க்கு வழங்கும் சுமட்ரிப்டான் என்னும் மருந்து தலையின் இரத்தக் குழாய்களைச் சுருக்குவது. அவ்வாற்றல் தலையோடு நின்றுவிடாது, இருதயத்தின் குழாய்களையும் தொடும். ஆதலின் இருதய நோயுற்றாரும், முன்பு பக்கவாதம் கண்டாரும், அடங்காத இரத்த அழுத்தமுடையாரும் அதனை உட்கொள்ளலாகாது. இளைஞர்க்கு இவையெல்லாம் ஏதென்பார் உளர். ஒருமுறையேனும் தம் இரத்த அழுத்தத்தை அளந்தறிந்த பின்னர் அவர் அங்ஙனம் பேசுவாராக!

இதனினும் பழைய மருந்து எர்காட்டமைன். ரை என்னும் தானியக் கதிரிற் படரும் ஒருவகைப் பூஞ்சையிலிருந்து அதனை ஆர்தர் ஸ்டோல் என்பார் 1918-ல் பிரித்தெடுத்தார். அப்பூஞ்சை கலந்த ரொட்டியை உண்டு, இடைக்கால ஐரோப்பாவில் கைகால் கருகி மாண்டோர் பலர். தொண்டைப் புண்ணுக்கென மற்றொரு வைத்தியர் தந்த கிளாரித்ரோமைசினை எர்காட்டமைனுடன் சேர்த்துண்டால், இன்றும் கைகால்களில் இரத்தவோட்டம் குன்றும் அபாயம் உண்டு. எர்காட்டமைன் உண்டவர் 24 மணி நேரத்திற்குள் சுமட்ரிப்டானைத் தொடலாகாது. கருவுற்ற மகளிர்க்கு எர்காட்டமைன் அறவே விலக்கு.

ஆகவே உண்டுவரும் மருந்து யாவற்றையும் வைத்தியரிடம் ஒளியாது உரைத்தல் வேண்டும். மனச்சோர்வுக்கு மருந்துண்பதை நாணி மறைப்பார் நம்மிடையே பலர். அம்மருந்துகளுட் சில சுமட்ரிப்டானுடன் சேரத்தகாதன. நாணத்தின் பொருட்டு உயிரைப் பணயம் வைப்பதோ? நோயாளி சொல்லுமுன் தாமே வினவாத வைத்தியரும் குறையுடையரென்றே சொல்வோம்.

மாதத்தில் 10 நாளும் அதற்கு மேலும் இம்மருந்துகளை நாடுவார்க்கு மருந்தே தலைவலியை வளர்க்கும். அந்நிலையில் அளவைக் கூட்டுதல் பேதைமை. வைத்தியரிடம் மீண்டும் செல்லுதலே முறை.

இன்னொன்று. இடி விழுந்தாற்போல் திடீரென எழும் கடுந்தலைவலியும், நாக்குழறலோ ஒருபுறக் கைகால் தளர்ச்சியோ உடன்வரும் வலியும், காய்ச்சலோடு கழுத்து விறைக்கும் வலியும் ஒற்றைத் தலைவலியென்று நாமே முடிவு செய்யத்தக்கன அல்ல. அவ்வேளை அறைத்தோழர் மாத்திரை தேடி ஓடாமல், நோயாளியை உடனே மருத்துவசாலைக்குக் கொண்டு செல்வாராக.