படிவத்தில் அடங்காத பிள்ளை

நலன்புரி நிலையங்களில் வாழ்ந்த எவருக்கும் படிவங்களைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. நிவாரண அட்டைக்கு ஒன்று, பாடசாலை அனுமதிக்கு ஒன்று என்று எத்தனை நிரப்பியிருப்போம்! 'தந்தையின் பெயர்' என்ற இடத்தில் பலருக்குப் பேனை நின்றுவிடும். காணாமற்போனவரை எப்படி எழுதுவது? அம்மம்மாவும் சித்தியும் வளர்க்கும் பிள்ளைக்கு யாருடைய பெயரைப் போடுவது? வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் அதைக் கேட்டபோது தலைகுனிந்த பிள்ளைகளை நாம் அறிவோம்.

வேறொரு வகைக் குடும்பத்துப் பிள்ளைக்கும் இதே நிலை உண்டு. 'ஆஷாவின் அம்மாக்கள்' என்று பொருள்படும் தலைப்பில் 1990இல் கனடாவில் ஒரு சிறுவர் நூல் வெளிவந்தது. ஆஷாவை வளர்ப்பவர்கள் இணைந்து வாழும் இரு பெண்கள். வகுப்புச் சுற்றுலாவுக்கான அனுமதிப் படிவத்தில் இருவரும் ஒப்பமிடுகின்றனர். ஒருவருக்கு இரண்டு அம்மாக்கள் இருக்க முடியாது, சரியாக நிரப்பி வா என்கிறார் ஆசிரியை.

பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் சறே நகரில் ஜேம்ஸ் சேம்பர்லேன் என்ற பாலர் வகுப்பு ஆசிரியர், இந்நூலையும் இதையொத்த வேறு இரு நூல்களையும் வகுப்பில் பயன்படுத்த அனுமதி கேட்டார். 1997இல் பாடசாலைச் சபை மறுத்தது. சில பெற்றோரின் சமய நம்பிக்கைக்கு மாறானது, சின்னஞ்சிறுசுகள் குழம்பிவிடும் என்பவை சொல்லப்பட்ட காரணங்கள். வழக்கு கனடாவின் உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2002 டிசெம்பரில் 9 நீதியரசர்களுள் 7 பேர் சபையின் முடிவு தவறு என்றனர். பெற்றோரின் கவலைக்குச் செவிசாய்க்கலாம். ஆனால் அதைக் காட்டி இன்னொரு குடும்பத்துக்குரிய சம மதிப்பை மறுக்க முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். நூல்களை வாங்கியே தீரவேண்டும் என்று மன்று கட்டளையிடவில்லை. மீளப் பரிசீலிக்கும்படி சபைக்கே திருப்பி அனுப்பியது.

"இது எங்களுக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். எமது உறவினரின் பிள்ளைகள் பலர் இன்று கனடாவில் அத்தகைய பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருந்து படிக்கிறார்கள். இங்கும் அப்படியொரு பிள்ளை இருந்தால், வாய் திறவாமலே இருக்கும்.

வளர்ந்தவர்களின் வாழ்க்கை பற்றி எம்மிடையே கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் எந்தப் பிள்ளையும் தன் வீட்டைத் தானே தெரிவு செய்து பிறக்கவில்லை. பெரியவர்கள் மீதான எமது கோபத்துக்குப் பிள்ளை விலை கொடுப்பது நியாயமாகாது.

ஆசிரியர்கள் செய்யவேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. படிவத்தில் 'பெற்றோர் அல்லது பாதுகாவலர்' என்று எழுதலாம். குடும்பப் படம் வரையும்போது, வீட்டில் உள்ளவர்களையே பிள்ளை வரைய விடலாம். எழும்பி நின்று குடும்ப விபரம் சொல்லும்படி கேட்காமல் விடலாம். கேலி கிளம்பினால் அந்த இடத்திலேயே நிறுத்தலாம். இவற்றால் போரில் தகப்பனை இழந்த பிள்ளையும், தாய் வெளிநாட்டில் உழைக்கும் பிள்ளையும் நன்மையடைவர்.

அந்த வெற்றிடத்தின் முன் எமது பிள்ளைகளும் நின்றவர்கள்தான். இன்னொரு பிள்ளையை அங்கே நிறுத்திவைக்க நாம் துணைபோகலாமா?