சிரிப்பதற்கு முன்

பள்ளி ஆண்டுவிழா மேடையானாலும், பங்குத் திருவிழாப் பட்டிமன்றமானாலும் கைதட்டலுக்குக் குறைவில்லாத நகைச்சுவை ஒன்றுண்டு. 'எக்ஸ்-இன் மதிப்பைக் கண்டுபிடி' என்றால், மாணவன் அவ்வெழுத்தைச் சுற்றி வட்டமிட்டு, 'இதோ இருக்கிறது' என்று எழுதினானாம்! 'மூன்றில் ஒரு பங்கு பெரிதா, நான்கில் ஒரு பங்கு பெரிதா?' என்றால், 'மூன்றைவிட நான்குதானே பெரிது!' என்றாளாம் ஒரு சிறுமி. நாமும் வயிறு குலுங்கச் சிரிக்கிறோம். அந்தச் சிரிப்பின் மீதுதான் நம் வழக்கு.

மூன்றைவிட நான்கு பெரிது என்று அவளுக்குக் கற்பித்தவர்கள் யார்? நாமே. கற்றதை நம்பி, அதைப் பின்னத்துக்கும் பொருத்திப் பார்த்தாள். விடை தவறு, ஆயினும் அவள் சிந்தித்திருக்கிறாள். ஒரு முறுக்கை மூவருக்கும், இன்னொன்றை நால்வருக்கும் பங்கிட்டுக் காட்டியிருந்தால் அவளே திருத்திக்கொண்டிருப்பாள்.

பெரியவர்கள் நாம் தவறுவதில்லையா? நாமகிரிப்பேட்டை மஞ்சள் ஏலத்தில் விரலி மஞ்சள் குவிண்டால் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விலை 10 விழுக்காடு ஏறி, பிறகு 10 விழுக்காடு இறங்கினால் பழைய விலைக்கே வருமா? 'வரும்' என்போரே நம்மில் பலர். 11,000 ஆகி, அதில் 1,100 குறைந்து 9,900-இல் நிற்கும். இந்தத் தவற்றுக்காக நம்மை எவரும் மேடையேற்றிச் சிரிப்பதில்லை.

கணித மேதை இராமானுஜத்தின் குடும்பத்தார் வணங்கிய நாமகிரித் தாயார் கோயில் நம் மாவட்டத் தலைநகரான நாமக்கல்லில் இருக்கிறது. எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஒன்று என்று ஆசிரியர் கூற, 'சுழியைச் சுழியால் வகுத்தாலுமா?' என்று சிறுவன் இராமானுஜன் கேட்டதாக அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுவர். கேலிக்குரியதாகத் தோன்றும் அக்கேள்வியில் கணிதத்தின் ஆழமே அடங்கியிருந்தது.

'நகைச்சுவையும் கூடாதா?' என்பீர்கள். கூடும்; பிள்ளையும் சேர்ந்து சிரிக்குமானால். கேலிக்கு ஆளான பிள்ளை மறுநாள் கை உயர்த்தாது. நாளடைவில் கேள்வி கேட்பதையே மறந்துவிடும். அந்த இழப்பை எந்த மதிப்பெண் பட்டியலும் காட்டாது.

ஆண்டவர் இயேசு ஒரு சிறு பிள்ளையை அழைத்துச் சீடர் நடுவே நிறுத்தினார். பெரியோர் அதனிடம் கற்க வேண்டும் என்பதற்காக. நாமும் நடுவே நிறுத்துகிறோம், சிரிப்பதற்காக! ஆசிரியப் பெருமக்களே, பெற்றோரே, மறைக்கல்வி ஆசிரியர்களே, அடுத்த முறை சிரிப்பு வரும்போது ஒரு கேள்வியை முதலில் கேட்போம்: 'இந்த விடைக்கு எப்படி வந்தாய், கண்ணு?'