சுகுனாவும் தம்பிமாரும்

போன ஞாயித்துக்கிழமை என் பையன் ஒரு ஜப்பானியப் படக்கதைப் புத்தகத்தோட வந்து நின்னான். பேரு 'ஜுஜுட்சு கைசென்'. அதுல வர்ற வில்லன் சுகுனாவுக்கு நாலு கை, ரெண்டு முகம். "அப்பா, இவன் நெஜமாவே இருந்தானா?"

தேடிப் பார்த்தேன். 720-ல் எழுதி முடிச்ச 'நிஹோன் ஷோகி'ங்கற அரச வரலாற்றுலயே ஆள் இருக்கார். ஹிதாங்கற மலைநாட்டுல ராஜாவுக்கு அடங்காம கொள்ளையடிச்ச ரெட்டை முகத்தான், படை அனுப்பிக் கொன்னாங்கன்னு. ஆனா அதே ஹிதாவுல, தகயாமா பக்கத்துல இருக்குற செங்கோஜி கோயிலைக் கட்டினதே அவர்தான்னு ஊர் ஐதீகம்! அங்க அவருக்கு மரச்சிலையும் உண்டு. அரண்மனைக்கு அரக்கன், ஊருக்குப் பெரியவர்.

படிச்சதும் எனக்கு ஆச்சி ஞாபகம் வந்துடுச்சு.

நான் வளர்ந்தது திருவனந்தபுரம் கரமனையில. மலையாள வகுப்புல சி.வி. ராமன் பிள்ளையோட 'மார்த்தாண்டவர்மா' (1891) கதை சொன்னாங்க. அதுல பத்மநாபன் தம்பிதான் வில்லன். இளவரசரைக் கொல்லப் பார்க்கிற சதிகாரன். நெய்யாற்றின்கரை கோயில்ல இளவரசர் ஒளிஞ்சதா சொல்ற பலாமரப் பொந்தை, 'அம்மச்சிப்பிலாவை', கூட்டிட்டுப் போய்க் காட்டினாங்க. வீட்டுக்கு வந்து தம்பியைத் திட்டித் தீர்த்தேன்.

நாகர்கோவில்லேருந்து வந்திருந்த ஆச்சிக்கு முகம் மாறிடுச்சு. "கொன்னது யாரு மக்கா? அதச் சொன்னாளா ஒங்க டீச்சரு?"

நாஞ்சில் நாட்டுல 'தம்பிமார் கதை'ன்னு வில்லுப்பாட்டு உண்டு. தம்பிமார் ராஜா ராமவர்மாவோட சொந்தப் பிள்ளைங்க. ஆனா திருவிதாங்கூர்ல மருமக்கத்தாயம். 1729-ல் பட்டம் மருமகன் மார்த்தாண்டவர்மாவுக்குப் போச்சு, தம்பிமார் கொல்லப்பட்டாங்க. பாட்டு அழுறது அவங்களுக்கும் தங்கச்சி உம்மிணித்தங்கைக்கும்தான்.

தம்பிமார் உத்தமர்னு நான் சொல்ல வரலை. நாற்காலிக்கு ஆசைப்பட்டவங்கதான். மார்த்தாண்டவர்மாவும் சும்மா ஆள் இல்லை, 1741-ல் குளச்சல்ல டச்சுப்படையைத் தோற்கடிச்சவர். என் வருத்தம் வேற. 1956-ல் நாஞ்சில் நாடு தமிழ்நாட்டோட சேர்ந்தது. நாவல் அந்தப் பக்கம் பாடமாச்சு, பாட்டு இந்தப் பக்கம் கோயில் கொடையோட நின்னுடுச்சு. ஒரே கதை, ரெண்டு பாதி. பாடத்துல ஏறின பாதிதான் பிள்ளைங்களுக்குப் போய்ச் சேருது.

இங்க நியூஜெர்சியில பையன்கிட்ட ரெண்டு பாதியும் சொல்ல உட்கார்ந்தேன். நாவல் கடகடன்னு வந்துச்சு. பாட்டு வரலை. ஆச்சி போய் பதினாலு வருஷமாச்சு. ராகம் மட்டும் காதுல நிக்குது, வரி ஒண்ணுகூட இல்லை. லீவுக்குப் போனப்பல்லாம் ஒரு நாள் உட்கார்ந்து பதிவு பண்ணியிருக்கலாம். பண்ணலை.

ஹிதாக்காரங்க பல நூறு வருஷமா தங்களோட பாதியைக் காப்பாத்தி வெச்சிருக்காங்க. நான் ஒரு தலைமுறையிலயே தொலைச்சிட்டேன்.

ஊர்ல உங்க ஆச்சியோ தாத்தாவோ இருந்தா, இந்த வாரம் ஃபோன் பண்றப்ப சாப்பிட்டாச்சான்னு கேட்டதோட வெச்சுடாதீங்க. "நம்ம ஊர்க் கதையில யாரு கெட்டவன்?"னும் கேளுங்க. பதில் புத்தகத்துல இருக்குற மாதிரி இருக்காது.