விழுந்தால் என்ன செய்வாய்?

செஞ்சிக் கோட்டையின் தோற்றத்தைப் பற்றி வழங்கிவரும் பழங்கதை ஒன்றுண்டு. ஆடு மேய்த்துத் திரிந்த ஆனந்தக் கோன் என்பவருக்கு மலைப் பொந்து ஒன்றில் புதையல் கிடைத்ததாம். ஏறத்தாழ 1200-ஆம் ஆண்டு என்பர். அப்பொருளைக் கொண்டு அவர் ஆள் சேர்த்தார். சுற்றுப்புறச் சிற்றூர்த் தலைவர்களை வென்றார். மலைமேல் கோட்டை கட்டி, அதற்கு ஆனந்தகிரி என்று தம் பெயரையே சூட்டினார். இக்கதையில் வரலாறு எவ்வளவு, கற்பனை எவ்வளவு என்பதை அறிஞர் ஆய்ந்து கொள்ளட்டும். நமக்கு உறுத்துவது வேறு. எதிர்பாராமல் செல்வம் வந்தவர் முதன்முதலில் செய்த காரியம் மதில் எழுப்பியது!

அம்மதில்களின் கதி ஊரறிந்தது. 1597-இல் இங்கு வந்த இயேசு சபைத் துறவி பிமெந்தா, லிஸ்பன் நீங்கலாகப் போர்த்துக்கல் நாட்டிலும் இத்துணைப் பெரிய நகர் இல்லை என்னும் கருத்துப்பட எழுதி வைத்தார். 1677-இல் சிவாஜி, 1698-இல் முகலாயத் தளபதி சுல்பிகார் கான், 1714-இல் தேசிங்கு ராஜன் மாண்டபின் ஆர்க்காட்டு நவாபு, 1750-இல் பிரெஞ்சுக்காரர், 1761-இல் ஆங்கிலேயர் எனக் கைமாறிக் கைமாறி, 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் அது இடம்பெற்றது. பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் ஆனந்தக் கோனின் புதையல் இன்னும் இவ்வூரை விட்டுப் போகவில்லை என்பதே நம் கவலை. தேநீர்க் கடை விசுப்பலகையில், நெல் மூட்டையோடு காத்திருக்கும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் நிழலில், பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும் இரவுப் பேருந்தில், ஒருவர் மற்றவரைக் கேட்கிறார்: “ஒரு கோடி விழுந்தால் என்ன செய்வாய்?”

“கனவு காண்பதற்குக் காசா கேட்கிறார்கள்?” என்று நம் வாசகருள் சிலர் சிரிக்கக் கூடும். கேட்கிறார்கள் ஐயா, கேட்கிறார்கள். அதுவும் ஏழையிடம்தான் கேட்கிறார்கள்.

பழைய செய்தியைச் சற்று நினைவுகூர்வோம். இந்தியாவில் மாநில அரசே பரிசுச் சீட்டு நடத்தும் வழக்கத்தை 1967-இல் கேரளம் தொடங்கிவைத்தது. சீட்டின் விலை 1 ரூபாய். முதற்பரிசு 50,000 ரூபாய். மறு ஆண்டே, 1968-இல், தமிழகமும் அவ்வழியில் இறங்கிற்று. “விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு” என்பது அன்றைய முழக்கம். எவ்வளவு நயமான சொற்கள்! நாட்டுக்குப் பொருள் வேண்டுமானால் நிலமுடையோரிடமும் ஆலை உடையோரிடமும் வரியாகக் கேட்டுப் பெறுவது அரசின் கடமை. அதைவிட்டு, கூலியாளின் மடியில் இருந்த ஒற்றை ரூபாயை அவனே மனமுவந்து நீட்டும்படி செய்தது அம்முழக்கம். அவனுக்கு விழவில்லை; நாட்டுக்கு விழுந்தது. பிறகு பூட்டான், சிக்கிம் என்று யார் யார் பெயரிலோ சீட்டுகள் வந்து நம் பேருந்து நிலையங்களில் தோரணம் கட்டின. தொண்ணூறுகளில் வந்த ‘சுரண்டல் லாட்டரி’யை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டார்கள். நகத்தால் சுரண்டினால் அங்கேயே முடிவு தெரிந்துவிடும். அதற்கு அப்பெயரை வைத்தவர் தெரிந்து வைத்தாரோ தெரியாமல் வைத்தாரோ, தமிழில் அதைவிடப் பொருத்தமான பெயர் அமைந்திருக்க முடியாது.

2003 ஜனவரியில் தமிழக அரசு எல்லா லாட்டரிகளையும் தடை செய்தது. சீட்டு விற்றுப் பிழைத்த முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் அன்று பிழைப்பின்றித் தவித்தனர் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சுரண்டலின் கடைசிக் கண்ணியாக இருந்தவர்களுக்கு மாற்று வழி காட்டாத குறை அத்தடைக்கு உண்டு. ஆயினும் தடை சரியே என்பது நம் துணிபு. இழந்த வருவாயை எண்ணி ஏங்கி, ‘மீண்டும் கொண்டு வந்தால் என்ன?’ என்று அவ்வப்போது எழும் குரல்களுக்கு நம் மறுப்பு இதுவே: ஏழையின் நம்பிக்கையின்மீது வரி விதிக்கும் உரிமை எந்த அரசுக்கும் இல்லை.

கேரளத்தில் அச்சீட்டுப் பணத்தின் ஒரு பகுதி ஏழை நோயாளிகளின் சிகிச்சைக்குப் போகிறது என்று சிலர் எடுத்துக் காட்டுவர். போகட்டும். ஆனால் ஒரு ஏழையின் சட்டைப் பையிலிருந்து எடுத்து இன்னோர் ஏழையின் மருந்துச் சீட்டுக்குக் கொடுப்பதில் செல்வந்தர் இழந்தது என்ன? இரக்கத்தின் பெயரால் நீதிக்கு விடுமுறை அளிக்கும் ஏற்பாடு அது.

தடை கடையை மூடியது, கனவை மூடவில்லை. கேரளக் குலுக்கலின் முடிவில் வரும் கடைசி மூன்று எண்களை வைத்து, துண்டுத் தாளிலும் கைப்பேசியிலும் நடக்கும் களவு வாணிகம் நம் மாவட்டத்தில் வேரூன்றியதை எல்லாரும் அறிவர். மூன்று எண்கள் என்றால் 000 முதல் 999 வரை ஆயிரம் வாய்ப்புகள். எழுதிக் கொடுப்பவன் கையில் இருப்பது அவற்றுள் ஒன்றே ஒன்று. இந்தக் கணக்கு நான்காம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். கடனில் மூழ்கியவனுக்கு விளங்காது. 2019 டிசம்பரில் விழுப்புரம் நகரில் நகைத் தொழிலாளி ஒருவர், தம் மனைவியையும் சிறுமியர் மூவரையும் தம்மோடு சாவுக்குள் இழுத்துச் சென்றார். இறக்குமுன் பதிவு செய்த காணொளியில், மூன்று எண் லாட்டரியால் நேர்ந்த அழிவை அவரே சொல்லிச் சென்றார். செஞ்சியிலிருந்து விழுப்புரம் ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம். அச்செய்திக்குப் பின் சில நாள் கைதுகள் நடந்தன. சில நாள் பேசினோம். பிறகு கிறிஸ்து பிறப்பு விழாக் குடிலுக்கு வைக்கோல் தேடப் போய்விட்டோம்.

இங்கே நம் மேடைப் பேச்சாளர்கள் உடனே எழுந்து நின்று ‘பேராசை பெருநட்டம்’ என்பார்கள். அருள்பணியாளர்களாகிய நாமும் அதைத்தான் மறையுரையில் சொல்லி வருகிறோம். வள்ளுவர் 94-ஆம் அதிகாரத்தில் சூதின் வெற்றியைத் தூண்டில் இரைக்கு ஒப்பிட்டதையும் சேர்த்துக் கொள்கிறோம். சொல்வது பொய்யன்று, ஆனால் பாதி உண்மை, பொய்யைவிட எளிதாக மனச்சான்றைத் தூங்க வைக்கும். உள்ளபடியே அந்த ஏழைகளின் கனவுகளைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறோமா? கந்துவட்டியை அடைத்துவிட வேண்டும். அடகில் இருக்கும் தோட்டை மீட்க வேண்டும். மழைக்கு ஒழுகாத கூரை வேண்டும். மூத்தவளைக் கரையேற்ற வேண்டும். அப்பாவுக்கு அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும். சின்னவனைக் கல்லூரியில் சேர்க்க வேண்டும். இதில் பேராசை எங்கே இருக்கிறது? ஓர் உழைப்பாளிக்கும் அவன் குடும்பத்துக்கும் தக்க வாழ்வு கிடைக்கும் அளவுக்குக் கூலி வேண்டுமென்று திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 1891-இலேயே சுற்றுமடல் எழுதினாரே, அந்த மடல் உரிமை என்று கேட்டதைத்தான் இவன் பரிசு என்று கேட்கிறான். கூலியாகக் கிடைக்க வேண்டியது குலுக்கலில் கிடைக்குமா என்று ஒருவன் ஏங்கும் நிலையை உண்டாக்கியவர்களை விட்டுவிட்டு, ஏங்குகிறவனைக் கண்டிப்பது என்ன அறம்?

அப்படியானால் கனவு குற்றமற்றதா? அதுவும் இல்லை. சூதாட்டமும் பந்தயமும் தம்மளவில் நீதிக்கு முரணானவை அல்ல என்றே திருச்சபையின் மறைக்கல்வி நூலும் (1992, எண் 2413) நிதானமாகத் தொடங்குகிறது. தன் தேவைக்கும் பிறர் தேவைக்கும் வேண்டியதை அவை பறிக்கும்போது ஒழுக்கக் கேடாகின்றன என்றும், அந்த வேட்கை மனிதனை அடிமையாக்கும் என்றும் எச்சரிக்கிறது. நாம் இதனோடு இன்னொன்றைச் சேர்க்கத் துணிகிறோம். இக்கனவு பறிப்பது காசை மட்டுமன்று, கோபத்தையும் பறிக்கிறது. பத்துப் பேர் சேர்ந்து, ‘எங்கள் கூலி ஏன் உயரவில்லை? எங்கள் மருத்துவமனையில் ஏன் மருத்துவர் இல்லை?’ என்று கேட்க வேண்டிய இடத்தில், பத்துப் பேரும் தனித்தனியே ஒவ்வோர் எண்ணைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு மாலை வரை காத்திருக்கிறார்கள். ஒருவனுக்கு விழ வேண்டுமானால் மற்ற ஒன்பது பேருக்கு விழக் கூடாது. தோழன் போட்டியாளனாகி விடுகிறான். இதைவிட மலிவாக ஏழைகளைப் பிரித்து வைக்க யாரால் முடியும்?

லூக்கா 12-ஆம் அதிகாரத்தில் வரும் அறிவற்ற செல்வனை ஒரு கணம் பாருங்கள். நிலம் எதிர்பாராமல் விளைந்துவிட்டது. அதுவும் ஒருவகைப் பரிசுதானே! அவன் பேசுகிறான், பேசுகிறான், யாரிடம்? தன் நெஞ்சிடம் மட்டும். மனைவி இல்லை, அயலான் இல்லை, விதைத்தவன் இல்லை, அறுத்தவன் இல்லை. எல்லாம் ‘என்’, ‘என்’, ‘என்’. பெரிய களஞ்சியம் கட்டுவதாகத் திட்டம். நம் கோட்டையின் அடிவாரத்தில் வெறுமையாக நிற்கும் நெற்களஞ்சியங்களுக்குள் போய் நின்று இப்பகுதியை வாசித்தால் வேறு விளக்கவுரை தேவைப்படாது.

2022-இல் கேரள ஓணம் சிறப்புச் சீட்டு, 500 ரூபாய் விலையில், 66 லட்சத்துக்கு மேல் விற்றது. அதாவது 330 கோடி ரூபாய்க்குமேல் மக்கள் கொடுத்தார்கள். முதற்பரிசு 25 கோடி ஆட்டோ ஓட்டுநர் ஒருவருக்கு விழுந்தது. தரகும் வரியும் கழித்து 15 கோடியே 75 லட்சம் வருமென்று அன்று கணக்குச் சொன்னார்கள். சில நாள்களில் அம்மனிதர் என்ன சொன்னார் தெரியுமா? உதவி கேட்டு வருவோரின் கூட்டத்துக்கு அஞ்சி வீட்டில் தங்க முடியவில்லை. இதைவிடச் சிறிய பரிசு விழுந்திருக்கலாம் என்று வெளிப்படையாக வருந்தினார். அவரைக் குறை சொல்ல மாட்டோம். நேற்றுவரை அவரோடு ஒரே தெருவில் தேநீர் குடித்த ஏழைகளே அன்று அவர் கதவைத் தட்டினார்கள். வெளியே தேவையோடு ஓர் ஊர், உள்ளே பணத்தோடு ஒருவர், நடுவே ஒரு கதவு. ஆனந்தக் கோன் ஏன் மதில் கட்டினார் என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

விவிலியத்திலும் புதையல் உண்டு, சீட்டும் உண்டு. மத்தேயு 13-இல் நிலத்தில் புதையலைக் கண்டவன் தனக்குள்ள அனைத்தையும் விற்றுவிடுகிறான். சிறிதைக் கொடுத்து அனைத்தையும் பெறும் வாணிகம் அன்று அது. அனைத்தையும் கொடுத்தால் மட்டுமே கிட்டுவது. மத்தியாவைத் தேர்ந்துகொள்ளத் திருத்தூதர்கள் சீட்டுப் போட்டார்கள். அது பணிக்காக, உயிரையும் கேட்கும் பணிக்காக. ஆதாயத்துக்காகச் சீட்டுப் போட்டவர்கள் கல்வாரியில் இருந்தார்கள். தையலில்லாத அங்கி யாருக்கு என்பதில் அவர்கள் கண் இருந்தது. மேலே ஒருவர் இறந்து கொண்டிருந்தார். அவர்களும் கூலிப்படையினர்தாம், பாவம். அந்த அங்கி அவர்களில் ஒருவனையும் வறுமையிலிருந்து மீட்டிருக்காது.

கடைசியாக, நம் வீட்டுக் குப்பையையும் கூட்ட வேண்டும். ‘விழுந்தால் கோவிலுக்குப் புது மணி வாங்கித் தருகிறேன்’, ‘விழுந்தால் மாதாவுக்குத் தேர் செய்கிறேன்’ என்று நேர்ந்துகொள்வோர் நம்மிடையே உண்டு. நவநாள் மன்றாட்டுப் பெட்டிகளில் இவ்வகை வேண்டுதல்கள் விழாமல் இல்லை. இறைவனைப் பங்குதாரராகச் சேர்த்துக்கொள்ளும் இந்தப் பேரத்தைக் கேட்டு நாம் புன்னகைத்துவிட்டுப் போகிறோம். மணி வந்தால் நல்லதுதானே என்று உள்ளூர நினைக்கவும் செய்கிறோம். இரண்டு செப்புக் காசு போட்ட கைம்பெண், கோடி விழட்டும் பிறகு கொடுக்கலாம் என்று காத்திருக்கவில்லை என்பதை எந்த வாயால் பிறகு போதிப்போம்?

ஆகையால் ஒன்றைக் கேட்கிறோம். அடுத்த அன்பியக் கூட்டத்தில் இந்தக் கேள்வியை வெளிப்படையாகவே எழுப்புங்கள்: ‘விழுந்தால் என்ன செய்வாய்?’ விடைகளை ஒருவர் எழுதிக்கொள்ளட்டும். கடன், கூரை, தோடு, அறுவைச் சிகிச்சை, கல்லூரிக் கட்டணம். அந்தத் தாளைப் பங்குப் பேரவையின் மேசைமேல் வைத்து, திருவிழா வரவு செலவுக் கணக்கை அதன் அருகில் விரித்து வையுங்கள். பந்தல், மின் அலங்காரம், மேளம், சுவரொட்டி. எதை எடுத்து எதற்குக் கொடுப்பது என்று பேரவையினர் தயங்கினால், வாணவேடிக்கைக்கு ஒதுக்கிய தொகையிலிருந்து தொடங்கலாம்.