பூட்டு உறுதிதான், சாவி யாரிடம்?



பணம் அனுப்பும்போது கைப்பேசிக்கு வரும் ஆறு இலக்க ரகசிய எண்ணைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வோர் இடத்திலும் 0 முதல் 9 வரை பத்து இலக்கங்கள் வரலாம். ஆகவே, மொத்தம் 10 லட்சம் எண்கள் உண்டு. திருடன் மூன்று முறை ஊகித்தாலும் வெல்லும் வாய்ப்பு 10 லட்சத்தில் 3தான். சில நிமிடங்களில் அந்த எண்ணும் செல்லாததாகிவிடும். இத்தனை உறுதியான பூட்டை அவன் ஏன் உடைக்க வேண்டும்? சாவியை நம்மிடமே கேட்டு வாங்குகிறான்.

எப்படி? அச்சம், ஆசை, அவசரம் ஆகிய மூன்றைக் கொண்டு! "கணக்கு முடங்கிவிடும்", "பரிசு விழுந்திருக்கிறது", "உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம்" என்பான். நம் நாட்டுச் சட்டத்தில் அப்படியொரு கைதே கிடையாது. யு.பி.ஐ. ரகசிய எண்ணும் பணம் அனுப்பத்தான் தேவை, பெறுவதற்குத் தேவையில்லை.

மாதனூரிலிருந்து ஆம்பூர் காலணித் தொழிற்சாலைக்குப் போய்வரும் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். அவருடைய ஒரு மாத உழைப்பு ஒரு நிமிடத்தில் பறிபோகலாம். அப்போது "படிக்காதவர், ஏமாந்துவிட்டார்" என்று ஏளனம் செய்வது தவறு. படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். ஏளனத்துக்கு அஞ்சி அவர் மறைத்தால் திருடனுக்கே லாபம். ஏனெனில், பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறிக்கொண்டே போகும். உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்தால், அதை வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு.

ஆகவே, இன்றிரவே வீட்டில் சொல்லுங்கள்: "அம்மா, யார் கேட்டாலும் எண்ணைச் சொல்லாதே. தவறிச் சொல்லிவிட்டாலும் என்னிடம் மறைக்காதே. நான் கோபிக்க மாட்டேன்." இரண்டாவது வாக்கியந்தான் மிக முக்கியம்.